பொய்ப்பூ

உக்காரு தாயி, தாராளமா உக்காரு. இந்தப் பையைக் கீழ வச்சிக்கிடுறேன். சங்கரன்கோயிலுக்கா? நாங்களும் அங்கதான். நாங்கன்னா நானும் அவளும். அந்தா, மூணு சீட்டு முன்னாடி ஜன்னலோரம் பச்சைச் சேலை தெரியுதா, என் தம்பி சம்சாரம், கோமதின்னு பேரு. என் பக்கத்துல உக்காரும்மான்னு சொன்னேன். காத்துக்குன்னு ஜன்னலைக் கையைக் காட்டிட்டுப் போயிட்டா. காத்து இங்க வராதா என்ன? போகட்டும். நான் பேசுறது அவ காதுல விழத்தான் செய்யும். விழட்டும், நான் என்ன பொய்யா சொல்லப்போறேன்.

மடியில இருக்கிறது பூ. மல்லியும் பிச்சியும் கலந்து நாலு முழம். வாடிரக்கூடாதுன்னு ஈரத்துணி சுத்தியிருக்கேன். பொண்ணு தலையில வைக்கிறதுக்கு. யாருக்குப் பொண்ணுன்னா, என் தம்பிக்கு. ஆமா, அவ வீட்டுக்காரனுக்குத்தான். ரெண்டாங் கல்யாணம். மூத்தவ வந்து தன் கையால பூ வச்சாத்தான் சம்மதிப்போம்னு பொண்ணு வீட்டுல சொல்லிட்டாக. பின்னாடி போலீசு கேசுன்னு அலையக்கூடாதுல்ல, அவுக கேக்கிறதும் நியாயந்தான். அதான் கூட்டிட்டுப் போறேன். வரமாட்டேன்னு அவ ஒரு வார்த்தை சொல்லலை. குளிச்சா, சேலை மாத்தினா, வந்து பஸ்ஸுல ஏறிட்டா. அவ குணத்தை நான் குத்தம் சொல்லவே மாட்டேன்.

ஒம்பது வருஷமாச்சு தாயி. ஒரு புழு பூச்சி தங்கலை. ஒரு மாசம் தள்ளிப்போச்சுன்னுகூட என்கிட்ட வந்து சொன்னதில்லை. நானும் எம்புட்டு நாளைக்குத்தான் பொறுக்கிறது?

தம்பி பேரு பாலகுரு. அவனுக்கு ஒம்பது வயசுல எங்க அம்மா செத்துப்போச்சு. அதுக்கு முந்தின வருஷந்தான் நான் தாலியறுத்து வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கு அப்ப இருபத்திரண்டு. தீப்பெட்டி ஆபீசுல இருந்து பெட்டி வாங்கியாந்து ஒட்டி ஒட்டித்தான் அவனை ஆளாக்கினேன். இந்த விரலைப் பாரு, பசை அரிச்சு நகமே சரியா இல்லை. எட்டயபுரத்துல இருந்து ஒரு ஆளு, என்னைக் கட்டிக்கிடுறேன்னு வந்தாரு. நல்ல மனுசந்தான். பையனை உன் பெரியம்மா வீட்டுல விட்டுட்டு வான்னாரு. அந்தப் பேச்சே வேண்டாம், நீங்க போயிட்டு வாங்கன்னுட்டேன். அவனை விட்டுட்டு நான் எங்க போவேன்?

அவன் இப்ப லாரி ஓட்டுறான். தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர், ராய்ப்பூர்னு போவான். போனா இருபது நாள், இருபத்தஞ்சு நாள். இங்கயே கோயில்பட்டியில மினி வேன் ஓட்டுறேன்க்கான்னு கல்யாணம் முடிஞ்ச புதுசுல சொன்னான். நாந்தான் வடக்க போகச் சொன்னேன். வயசு இருக்கும்போதே நாலு ஊரு பாத்து உழைச்சாத்தானே உண்டு. என் சொல்லைத் தட்டமாட்டான். இப்பவும் நாக்பூர்லதான் இருக்கான். பொண்ணு பாக்க அவன் எதுக்கு? நான் பாத்தாச் சரிதான்.

இவ ஊரு கடையநல்லூர்ப் பக்கம். தோட்டக்காரக் குடும்பம், காய்கறி வெள்ளாமை. போன ஆடியில அவ அம்மா வீட்டுக்குப் போனவ திரும்பி வரும்போது ஒரு காஞ்ச பீர்க்கங்காயைக் கொண்டாந்தா. வரி இருக்கிற பீர்க்கு இல்லை. வழவழன்னு இருக்குமே, நுரைப்பீர்க்கு. ஆட்டினா கலகலன்னு சத்தம். அடியில மூடி மாதிரி ஒண்ணு, அது தானாக் கழண்டு விழுந்து உள்ள இருந்து கறுப்பு விதையாக் கொட்டுச்சு. துவைகல்லுத் தண்ணி ஓடுற இடத்துல நாலு விதையை ஊனினா. நட்டுத்தான் பாரேன், உன் கைராசியையும் பாப்போம்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன். அவ மண்ணை மூடித் தண்ணி தெளிச்சா.

கொடி வந்தது பாரு, அப்படி ஒரு வரத்து. இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கையை விரிச்ச கணக்கா, தொட்டாச் சொரசொரன்னு இருக்கும். கணுவுக்குக் கணு ஒரு சுருள் விடும். அது ஒண்ணு மூணாப் பிரிஞ்சு அந்தரத்துல தேடிக்கிட்டே இருக்கும். எதைத் தொட்டாலும் சுத்திக்கிடும். கொடிக்கயித்துல என் சேலை காயுது, ஒரு பகல்ல அதையும் பிடிச்சுக்கிடுச்சு. எடுக்கப் போனா விடலையே. சேலைதான் கிழிஞ்சது. ஆனா எனக்கு அது பிடிச்சிருந்தது தாயி. பிடிச்சா விடாத குணம் நல்ல குணந்தானே.

வேலி ஏறி, ஆஸ்பெட்டாஸ் கூரை முழுக்கப் படர்ந்திருச்சு. ஆவணிக் கடைசியில பூக்க ஆரம்பிச்சது. எங்க தெருவுல வரிப்பீர்க்கு போட்டிருக்காக, அது விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் பூக்கும். இது நேரெதிரு. விடிஞ்சும் விடியாம மஞ்சமஞ்சேர்னு பூத்து நிக்கும், சாயந்தரம் தொங்கிப்போயிரும். காலையில பூத்தா பூசைக்குத் தோது இல்லையா? கடையில பூ விக்கிற விலைக்கு, நான் தினமும் இதையே பறிச்சுப் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் போட்டேன்.

எல்லாப் பூவையும் பறிக்கலை, அதைச் சொல்லணும். அதுல ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு நீளக் காம்புல கொத்தா, பதினஞ்சு இருபது மொட்டோட வரும். நாளைக்கு ஒண்ணு ரெண்டு விரியும், உதிரும். அடியில பிஞ்சே இருக்காது. அதைப் பொய்ப்பூம்போம். இன்னொண்ணு ஒத்தையா வரும். பூவுக்குப் பின்னாலயே சுண்டுவிரல் தண்டிக்குப் பிஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் காய்க்கிற பூ. முதல் இருபது நாளும் ஒரே பொய்ப்பூதான். கொடியோட சத்தையெல்லாம் அதுதானே உறிஞ்சுது? அதனால பொய்ப்பூவைக் கொத்துக் கொத்தா, காம்போட ஒடிச்சிருவேன். சாமிக்கும் ஆச்சு, கொடிக்கும் நல்லதாச்சுன்னு. பிஞ்சுப்பூவை ஒரு நாளும் தொட்டதில்லை. அது பாவம்.

அப்பறம் பிஞ்சுப்பூ வந்தது. அஞ்சு, ஆறுன்னு தினமும் வந்தது. ஒண்ணாவது பிடிக்கணுமே. மூணாம் நாள் பிஞ்சு மஞ்சளாகும், நுனி சூம்பும், விழுந்திரும். துவைக்க உக்காந்தா மடியில வந்து விழும். புரட்டாசி முடியிற வரைக்கும் இப்படித்தான். ஒரு காய் பாக்கலை. நட்டவ கையி அப்படின்னு மனசுல பட்டது. மனசுல பட்டதை வாயில சொல்றவ நான். பக்கத்து வீட்டு ராமலெச்சுமிகிட்டச் சொன்னேன். கோமதி அங்க துணி அலசிக்கிட்டுத்தான் இருந்தா.

அப்பத்தான் அவ எழுந்திரிச்சு வந்து என்கிட்டப் பேசினா. அந்தப் பூவைப் பறிக்காதீக மதினி, அதுதான் ஆம்பளைப் பூ, அதுல இருக்கிற மஞ்சப்பொடியை வண்டு கொண்டுபோய் இதுல வச்சாத்தான் காய் பிடிக்கும், ஆம்பளைப் பூவை எல்லாம் ஒடிச்சுப்போட்டுட்டுப் பொம்பளைப் பூவைக் குத்தம் சொன்னா அது என்ன செய்யும்னு கேட்டா. ராமலெச்சுமி புருசன் வாசல்ல பேப்பர் படிச்சிக்கிட்டு இருக்காரு தாயி. ஒரு ஆம்பளை கேக்க ஆம்பளைப் பூவு பொம்பளைப் பூவுன்னு. எனக்கு உடம்பே கூசிப்போச்சு. இப்படியெல்லாம் பேசுற பிள்ளை இல்லை அவ.

அவளுக்குப் பேச்சு வந்தது, பிள்ளைக்காக ஒரு டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்த பிறகுதான். நாந்தான் கூட்டிட்டுப் போனேன், என் கைக்காசைப் போட்டு. எல்லாச் சோதனையும் எடுத்தாக. ஒரு குறையும் இல்லைன்னுட்டாக. சரி, அதோட விடணும்ல. ரெண்டு பேரும் வருசத்துல எத்தனை நாள் சேர்ந்து இருக்கீகன்னு அந்தம்மா கேட்டா. நான் கூட இருக்கேன், பெரியவ, அந்த நெனப்பே இல்லாம. கோமதி தலையைக் குனிஞ்சுக்கிட்டு விரல் விட்டு எண்ணுறா. ஒரு கையிலயே எண்ணி முடிச்சிட்டா. அந்த டாக்டரம்மா என்னைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. நான் என்ன செஞ்சேன்னு என்னைப் பாக்கணும்?

எண்ணினா அம்புட்டுத்தான் வரும். அவன் வர்றதே மாசத்துல மூணு நாளு, நாலு நாளு. அதுல செவ்வாய் வெள்ளி ஆகாது. தையில பழனிக்குப் பாதயாத்திரை, அதுக்கு ஒரு மண்டலம் விரதம். பங்குனியில திருச்செந்தூருக்கு நேர்த்தி. கார்த்திகையில ஐயப்பனுக்கு மாலை. எல்லாம் எதுக்கு? அவளுக்கு ஒரு பிள்ளை வேணும்னுதான். நான் போய் எனக்குன்னு எதையாவது வேண்டியிருப்பேனா? விரதம்னா சுத்தமா இருக்கணும்ல. அவன் வெளியில கட்டிலைப் போட்டுப் படுத்துக்கிடுவான். உள்ள நானும் அவளும். எனக்கு இளைப்பு இருக்கு, தனியாப் படுத்தா மூச்சு முட்டுன மாதிரி ஒரு பயம். மாலை போடாத நாள்லயும் அவ என் பக்கத்துலதான் படுப்பா. ஒரே அறை வீடு, வேற எங்க படுக்கிறது?

சரி, கொடிக் கதைக்கு வர்றேன். அன்னைக்கு நான் கோவத்துல, தை பிறக்கட்டும், என் தம்பிக்கு வேற பொண்ணு பாக்கிறேனா இல்லையா பாருன்னுட்டேன். அவ அழலை. அழுதிருந்தா எனக்கே மனசு இளகியிருக்கும். சாமி படத்துக்கு முன்னால போய் நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டா.

"மதினி, பதினஞ்சு நாளைக்கு அந்தப் பூவைப் பறிக்காதீக. காய் பிடிக்கலைன்னா நானே பொண்ணு பாத்துக் கட்டிவைக்கிறேன். பிடிச்சிருச்சுன்னா, அவரை ஒரே ஒரு மாசம் எங்கயும் அனுப்பாம, எந்த மாலையும் போடாம, வீட்டுல இருக்க விடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை."

சாமி முன்னாடி கேக்கிறா. சரின்னு தலையாட்டினேன். பூசைக்குக் கடையில போய்ச் செவ்வந்தி வாங்கினேன். பதினஞ்சு நாளும் ஒரு பூவைத் தொடலை, சத்தியமாத் தொடலை. அவ என்ன செய்வா தெரியுமா, விடியக்காலம் எழுந்து போய், பொய்ப்பூவு ஒண்ணைக் கிள்ளி, இதழை உரிச்சுப்போட்டுட்டு, நடுவுல இருக்கிறதைப் பிஞ்சுப்பூவு மேல ஒத்தி ஒத்தி எடுப்பா. சின்னப்பிள்ளைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி அம்புட்டுப் பதனமா. வண்டு வேற வந்துச்சு, கறுப்பா, கொய்ங்குன்னு.

காய் பிடிச்சது. பிடிக்கலைன்னு சொல்லமாட்டேன். முதல்ல ஒண்ணு, அப்பறம் மூணு, பதினஞ்சாம் நாள் எண்ணினா ஏழு. முழ நீளம் தொங்குது. அவ மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பை இந்த ஒம்பது வருசத்துல நான் பாத்ததில்லை. தம்பிக்குப் போன் போட்டு அவளே பேசினா. என்ன பேசினான்னு தெரியாது, கொல்லைப்பக்கம் போயிட்டா. அவனும் லாரி ஓனர்கிட்டச் சொல்லிட்டு, கார்த்திகை மாசம் பூரா லீவுன்னு வந்துட்டான். புதுசா ஒரு கட்டில் வேற வாங்கிட்டு வந்தான். அது அந்த அறையில கொள்ளவே இல்லை.

ஆனா நீயே சொல்லு தாயி. அந்தக் காய் எதனால பிடிச்சது? அவ தடவினதாலயா? அவ கேட்ட அன்னைக்கே நான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். ஐயப்பா, இந்தக் கொடியில ஒரு காய் பிடிக்கட்டும், உனக்கு என் தம்பியை இந்த வருசமும் மாலை போட்டு அனுப்புறேன்னு. அவளுக்காகத்தான் வேண்டினேன். அவ தோத்துப்போகக்கூடாதுன்னுதான். ஒரு காய்க்கு வேண்டினேன், சாமி ஏழு குடுத்திருக்கு. குடுத்த வாக்கை மீற முடியுமா? மனுசிகிட்டக் குடுத்த வாக்கு பெருசா, சாமிகிட்டக் குடுத்த வாக்கு பெருசா?

கார்த்திகை ஒண்ணாம் தேதி மாலையை எடுத்துட்டு வந்தேன். அவன் அவளைப் பாத்தான். அப்பறம் என்னைப் பாத்தான். அக்கா, இந்த ஒரு வருசம் விட்டுருவோமான்னான். எனக்கு இளைப்பு வந்திருச்சு. வேணும்னு வரவழைக்கலை, நிசமாவே வந்தது. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டேன். அவன் கையும் ஓடலை காலும் ஓடலைன்னு எனக்குச் சுடுதண்ணி வச்சுக் குடுத்தான். அப்பறம் என் முன்னாடி வந்து தலையைக் குனிஞ்சான். மாலையைப் போட்டுவிட்டேன். வளர்த்த பிள்ளை தாயி, அவன் தப்பமாட்டான்.

அன்னைக்கு நின்னதுதான் அவ பேச்சு. சமைப்பா, துவைப்பா, என் காலைப் பிடிச்சுவிடுவா, பேச்சு மட்டும் இல்லை. கொடிக்குத் தண்ணி ஊத்துறதையும் விட்டுட்டா. மார்கழியில இலையெல்லாம் கருகி உதிர்ந்து, காய் ஏழும் பறிக்க ஆளில்லாம அப்படியே கூரையில காஞ்சு தொங்குச்சு. நாந்தான் ஒண்ணை இறக்கித் தோலை உரிச்சேன். உள்ள வெறும் நார். குளிக்கும்போது முதுகு தேய்க்க நல்லாத்தான் இருக்கு. ராமலெச்சுமிக்கும் ஒண்ணு குடுத்தேன்.

தை பிறந்ததும் நான் பொண்ணு பாக்க ஆரம்பிச்சேன். காய் பிடிச்சதே, பந்தயத்துல நான் ஜெயிச்சிட்டேனே, இன்னொருத்தி எதுக்குன்னு அவ சண்டை போடுவான்னு நெனச்சேன். போடலை. தம்பியும் அப்படித்தான். உங்க இஷ்டம்க்கான்னுட்டு லோடு ஏத்தப் போயிட்டான். இந்தப் பொண்ணு தாய் இல்லாத பிள்ளை. சத்தமாப் பேசாதாம். நம்ம வீட்டுக்கு ஒத்துப்போகும்னுதான் எனக்குத் தோணுது.

எனக்கும் மனசு இருக்கு தாயி. ராத்திரியில அவ தூங்காம முழிச்சுக் கிடக்கிறது எனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே கிடக்கேன். ஒரு பிள்ளை மட்டும் பெத்திருந்தா அவளை நான் கையில வச்சுத் தாங்கியிருப்பேன்.

அந்தா, கோயில் கோபுரம் தெரியுது. ஸ்டாண்டு வர இன்னும் நேரம் கிடக்கே, அவ எதுக்கு எழுந்திரிச்சு வர்றா? கம்பியைப் பிடிச்சுக்கோடி, விழுந்திராத. என்ன வேணும்? தண்ணியா?

"பூவை என் கையில குடுங்க மதினி. நான் மனசாரத்தான் வைப்பேன். வைக்கும்போது அந்தப் பிள்ளை காதுல ஒண்ணே ஒண்ணு சொல்லுவேன். தனி வீடு பாத்துக் குடுத்தனம் வச்சா மட்டும் தாலிக்குக் கழுத்தைக் குடுன்னு சொல்லுவேன்."

கேட்டியா தாயி? நாலு மாசமா வாயைத் திறக்காதவ, திறந்தவுடனே என்ன சொல்றான்னு கேட்டியா? தனி வீடாம். அவன் தனி வீட்டுக்குப் போயிட்டா நான் யாருக்கு உலை வைப்பேன்? வாசல்ல லாரிச் சத்தம் கேக்குதான்னு யாருக்காகக் காத்துக்கிட்டு இருப்பேன்? எனக்கு அவனை விட்டா இந்த உலகத்துல யாரு இருக்கா? அந்தப் பொண்ணு தாய் இல்லாத பிள்ளைதான். இவ சொன்னாக் கேட்டுக்கிடும். கேட்டு, அவன்கிட்ட ஒரு நாளைக்குச் சொல்லும். அவனும் போயிருவான்.

வேண்டாம். இது சரிப்படாது. பிள்ளை இல்லாட்டித்தான் என்ன? ஊர்ல எத்தனை பேருக்கு இல்லை, அவுகெல்லாம் வாழலையா? அவன் ஒரு நாளும் என்கிட்டப் பிள்ளை வேணும்னு கேட்டதே இல்லை.

ஏப்பா கண்டக்டரு, இந்த வண்டி மறுபடி கோயில்பட்டிக்கு எப்ப எடுப்பீக? பத்து நிமிசமா? அப்ப நாங்க இறங்கலை. ரெண்டு டிக்கெட் போடுப்பா. இந்தா தாயி, நீ கோயிலுக்குத்தானே போற, இந்தப் பூவை அம்மனுக்குச் சாத்திரு, வாடலை, நல்லாத்தான் இருக்கு. நீ எதுக்குடி இன்னும் நின்னுக்கிட்டே இருக்க? இந்தம்மா இறங்கிட்டா இங்க எடம் இருக்கு. வா, என் பக்கத்துல வந்து உக்காரு. வீட்டுக்குப் போவோம்.